காதுக்கு இரண்டு கட்டம்

அந்தப் புகைப்படத்தில் நால்வர் இருந்தனர். நால்வரும் சற்றுமுன்தான் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. படிய வாரிய ஈரத்தலையும், சிவந்து சொருகிய கண்களும், இனி இந்த உலகத்தோடு தமக்கு எந்த வழக்கும் இல்லை என்பது போன்ற முகங்களும் அதைச் சொல்லின. அவர்களுக்குப் பின்னால் ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. அது திரைச்சீலையில் தீட்டிய அருவி. மெய்யான அருவி கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் தகரக் கொட்டகை போடும் ஸ்டூடியோக்காரர் ஒருவர், சாய அருவியின் முன்னே இரண்டு நாற்காலிகளைப் போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்துக்கொண்டிருந்தார். மெய்யான அருவி ஆடாமல் நிற்காது என்பது அவருடைய கட்சி. படத்தின் மேல்மூலையில், சீலை அருவியின் உச்சியில், சாரல் ஈரம் புகுந்து பூஞ்சை பூத்திருந்தது. குற்றாலத்துத் தண்ணீர் என்று சொல்ல அந்தப் படத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

இந்தப் படத்தைப் பார்த்துப் பெரிய தாளில் பென்சிலால் ஒரு குடும்பப்படம் வரைந்து தரும் பொறுப்பு, பி.ஏ. இரண்டாம் ஆண்டை முடித்துக் கோடை விடுமுறைக்குத் தென்காசி வந்திருந்த என்னிடம் வந்து சேர்ந்தது.

படத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தார். கடை அங்கே, வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். ஊரார் அவரை முதலாளி என்பார்கள். உறவு ஏதும் இல்லாவிட்டாலும் நான் மாமா என்பேன். குற்றாலம் போகும் சாலையில் அவர் ஒரு புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார். வைகாசியில் பால்காய்ப்பு. வாசலில் கால் வைத்தவுடன் கண்ணில் படும் ஹால் சுவரில் குடும்பப்படம் ஒன்று பெரிதாக மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டூடியோக்காரரோ அடுத்த சீசனுக்கு வரவேயில்லை; பெரிதாக்கித் தர வேண்டிய நெகட்டிவும் அவரோடு போயிற்று. அந்த நிலையில்தான், ஏதோ காரியமாக அப்பாவைப் பார்க்க வந்த முதலாளி, ரங்கூனில் இறந்துபோன என் தாய்மாமனை ஒரு சிறு போட்டோவிலிருந்து நான் பெரிதாக வரைந்து மாட்டியிருந்ததைக் கண்டார். கூடையிலிருந்து ஒரு காயை எடுத்துத் தரம் பார்ப்பவரைப்போலத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"போட்டோக்காரன் எடுத்தா உசிரோட இருக்கவன் செத்தவன் மாதிரி இருக்கான். உம்ம பிள்ளை போட்டா செத்தவன் இப்பதான் சாப்புட்டுக் கை கழுவுன மாதிரி இருக்கான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

என் அம்மாவுக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. அதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இருப்பது ஒரே படம் என்பதால் அது வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. நான்தான் அங்கே போய் வரைய வேண்டும். இரண்டாவதை என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "போட்டோவுல என்ன இருக்கோ அதான் வேணும். ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது." வகுப்பில் பாடபேதம் ஒன்றைக்கூட விடாமல் குறித்துவைப்பவள் என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு, அது என் இயல்பை அறிந்து சொன்ன பாராட்டாகவே பட்டது. எதற்காகச் சொன்னார் என்பது மறுநாள் காலையில் அவர் வீட்டு மச்சில் விளங்கியது.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவியைப் பார்த்தேன். கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். மறுபடியும் அவளைப் பார்த்தேன். முகம் அதுவே, காது அதுவன்று.

படத்திலிருந்த அத்தையின் காதுகள் எங்கள் பக்கத்து மூத்த பெண்களின் காதுகள். பிள்ளைப் பருவத்திலேயே துளையிட்டுக் கனம் ஏற்றி ஏற்றித் தோளைத் தொடும்வரை வளர்த்தவை. நீண்ட அந்தச் சதை வளையங்களில் பாம்படம் தொங்கியது. உருண்டையும் பட்டையுமாகப் பொன்னில் செய்த, பார்க்கிறவர் கழுத்தும் சேர்ந்து வலிக்கும் அணி அது. எதிரே நின்ற அத்தையின் காதுகளோ என் காதுகளைப்போலச் சிறியவை. வளையத்தை அறுத்தெடுத்துத் தைத்த இடத்தில், மடலின் கீழே, நகக்கீறல் அளவில் ஒரு கோடு. அதன் மேலே கல்தோடு மின்னியது.

"காதைத்தான பாக்கே? நல்லாப் பாரு. இதைத்தான் நீ போடணும்" என்றாள் அத்தை.

காலிக் கோப்பையோடு அவள் கீழே இறங்கியதும், அவள் மகள் எனக்கு வரலாற்றைச் சொன்னாள். என்னோடு பள்ளியில் படித்தவள். நான் பேசாமல் விடுவதையும் சேர்த்துத் தானே பேசித் தீர்ப்பவள். சென்ற கார்த்திகையில் முதலாளி வியாபாரமாக வடக்கே போயிருந்தபோது, அத்தை மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைத் தைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வருஷங்களில் அது அப்படியொன்றும் புதுமை இல்லை. எங்கள் தெருவிலேயே பலர் செய்துகொண்டிருந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் பாம்படத்தை யாரோ இழுத்துக் காது கிழிந்த கதை ஒன்று எல்லோரிடமும் தயாராக இருந்தது. தையல் ஆறிக் கல்தோடும் போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து திரும்பும் கணவரை எதிர்கொள்ள அத்தை வாசலில் நின்றாள். அவர் பார்த்தார். "மூளி" என்றார். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

காதறுந்தவளையும், காதில் அணியில்லாதவளையும் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லால்தான் ஏசுவார்கள். கணவன் உயிரோடு இருக்கிற பெண்ணைப் பார்த்துச் சொல்லக் கூடாத சொல் அது. கணவனே சொன்னால் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அத்தை அவரோடு பேசவில்லை. அவரோ தாம்தான் அவளோடு பேசாமலிருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார். யார் யாரோடு பேசவில்லை என்பதிலேயே இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

பேசவில்லை என்றால் பேச்சு நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. வேட்டி வெளுக்கப் போட வேண்டும் என்பதை அவர் மகளிடம் சொல்வார். போட்டு நாளாயிற்று என்பதை அத்தை மகளிடம் சொல்வாள். மூவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். மகள் இல்லாத நேரத்தில் அவர் கூடத்துத் தூணைப் பார்த்துச் சொல்வார்; அத்தை அடுப்பைப் பார்த்து மறுமொழி சொல்வாள். நான் போய்ச் சேர்ந்த நாள்முதல், அந்தப் பதவியை மகள் என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கதைப்புத்தகம் படிக்கப் போய்விட்டாள். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே நின்று ஊடலைத் தீர்க்கும் வாயில்களைப் பற்றி நான் அந்த ஆண்டுதான் பாடம் கேட்டிருந்தேன். தோழி வரலாம், பாணன் வரலாம், விருந்தினர்கூட வரலாம். பென்சில் பிடித்தவளைப் பற்றி எங்கள் ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

நான் வேலை செய்யும் முறை எளியது. கண்ணாடி உடைந்த படச் சட்டம் ஒன்றில் தையல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிப் போட்டோவின்மேல் வைத்துவிடுவேன். போட்டோவில் கோடு கிழிக்காமலே கட்டங்கள் வந்துவிடும். தாளில் அதே கணக்கில் பெரிய கட்டங்களை மெலிதாகப் போட்டுக்கொண்டு, சிறிய கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்போது முகம் முகமாகத் தெரியாது. ஒரு கட்டத்தில் அரை மூக்கு, அடுத்ததில் மீதி மூக்கும் கொஞ்சம் கன்னமும். மனிதர்களைக் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அத்தையின் காது ஒவ்வொன்றும் பாம்படத்தோடு சேர்ந்து கீழும் மேலுமாக இரண்டு கட்டங்களை அடைத்தது. அவள் மகனுடைய முகம் முழுவதற்கும் அதே இரண்டு கட்டம்தான்.

மகன் என்றதும் அவன் கண்கள் நினைவுக்கு வருகின்றன. போட்டோவில் அவை மூடியிருந்தன. ஸ்டூடியோக்காரர் பொத்தானை அமுக்கிய நொடியில் இமைத்துவிட்டான். ஒன்று கூடக் கூடாது என்ற முதலாளியே இதற்கு விதிவிலக்குத் தந்தார். வீட்டுக்கு வாரிசு தூங்கிக்கொண்டு நிற்பதை ஊர் பார்க்க வேண்டாம் என்றார். மகன் மச்சுக்கு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, அருவியில் தலையைக் கொடுக்கப்போகிறவன்போலக் கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களைப் பார்த்து வரைவது என்னால் ஆகிற காரியமில்லை. அவற்றைப் பார்ப்பதாகப் பாவனை செய்து, பக்கத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த அவன் தங்கையின் கண்களை வரைந்து வைத்தேன். தன் கண்கள் இவ்வளவு அழகானவை என்று தனக்கே தெரியாது என்றான் அவன். நான் மறுக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று கிடைத்ததால் மற்றொன்றும் கிடைக்குமோ என்று, பாம்படத்தைப் பற்றி முதலாளியிடமே ஒருமுறை கேட்டுப்பார்த்தேன். போட்டோவில் இடது பாம்படம் சற்றே கலங்கித் தெரிந்தது; படம் எடுக்கும் நேரத்தில் அத்தை சிரித்திருக்கிறாள், பாம்படம் ஆடியிருக்கிறது. உள்ளது உள்ளபடி என்றால் அந்தக் கலக்கத்தையும் வரைய வேண்டுமா என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். நிற்கிற மாதிரியே போடச் சொன்னார். பிறகு, நான் கேட்காததற்கும் விடை சொன்னார். கடை ஆரம்பித்து வந்த முதல் லாபத்தில் செய்து போட்டது அது. ஆசாரியைக் கூடவே உட்காரவைத்துச் செய்வித்தது. இப்போது பெட்டிக்குள் கிடக்கிறது. படத்திலாவது காதில் இருக்கட்டும்.

இதை அத்தையிடம் சொல்ல வேண்டியவள் நான். சொன்னேன். அவள் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"முதல் லாபம்னா கடைக்குப் போர்டு மாட்ட வேண்டியதுதான? என் காதுல எதுக்கு மாட்டணும்?" என்றாள். சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த ஹால்ல அவுக காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நடப்பாக. பகல் பூரா நடக்கப் போறவ நான். அந்தக் காது செவுத்துல தொங்கிக்கிட்டு, போகையிலும் வரையிலும் என்னைப் பாத்து மூளின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நான் சாகுத வரைக்கும் சொல்லும்."

அதற்குப் பிறகு அந்தக் காதுகளை வெறும் கட்டங்களாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் வேலை சொன்னவர் அவர். வேண்டிக் கேட்டவள் இவள். என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததை இருவருமே உடன்பாடாக எடுத்துக்கொண்டார்கள்.

முதலாளி விடிந்ததும் புளியங்குடிக்குப் போய், லாரிகளை ஏற்றிவிட்டு, மாலையில்தான் திரும்புவார். ஆகவே முற்பகல் அத்தையின் ஆட்சி. அவள் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சற்றே திருப்பி, தோடு வெளிச்சத்தில் படும்படி வைத்துக்கொள்வாள். நான் சிறிய காது வரைவேன். மாலையில் முதலாளி மச்சேறி வருவார், தாளைப் பார்த்து, போட்டோவைப் பார்த்து, "போட்டோவுல இப்படியா இருக்கு?" என்பார். நான் சிறிய காதை அழித்துவிட்டுப் பாம்படத்தைத் தொங்கவிடுவேன். மறுநாள் முற்பகலில் பாம்படம் இறங்கிக் கல்தோடு ஏறும். மற்ற மூவரும் நாளுக்கு நாள் நிழலும் மடிப்புமாக நிறைந்துகொண்டிருக்க, அத்தை மட்டும் நாள்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அழித்து அழித்துத் தாளின் அந்த இடம் மட்டும் பஞ்சுபோலப் புசுபுசுத்தது. இதை இருவரிடமும் சொன்னேன். தாள் அவ்வளவு மோசமா என்று இருவரும் ஒரே மாதிரி கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் கருத்து ஒற்றுமை இருந்தது.

பால்காய்ப்பு நெருங்கியது. கடைசியாக ஒருநாள் மாலை, பாம்படம் இரண்டும் பாங்காகத் தொங்கிய நிலையில் முதலாளி படத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து, கீழே இறங்கி, நாளைக்கே சட்டம் போட ஆள் வருகிறான் என்று தூணிடம் அறிவித்தார்.

மறுநாள் நண்பகலில் என்னைச் சாப்பிட உட்காரவைத்துவிட்டு, அத்தை ஏதோ எடுத்துவருவதாகச் சொல்லி மேலே போனாள். நான் மோருக்கு வந்தபோதும் அவள் இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன். படத்தின் முன் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் மகளுடைய ரப்பர். பாதி சிவப்பும் பாதி நீலமுமாக இருக்கும் ரப்பர். சிவப்புப் பக்கம் பென்சிலுக்கு. நீலப் பக்கம் மைக்கு. அதில் மணல் கலந்திருக்கும். அத்தை நீலப் பக்கத்தால் தேய்த்திருந்தாள். தாளில் வலது காதில் பாம்படம் பத்திரமாக இருந்தது. இடது காது இருந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் ஓட்டை; அதன் வழியே அடியிலிருந்த பலகை தெரிந்தது.

"நீலத்துல அழிச்சா நல்லாப் போகும்னு நெனச்சேன்" என்றாள் அத்தை. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

சட்டம் போடுகிறவனை முன்னிட்டு முதலாளி அன்று சீக்கிரமே வந்துவிட்டார். பின்னாலேயே மகளும் மச்சுக்கு வந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படத்தின் அருகே வந்து, துடைப்பதை நிறுத்தினார். பிறகு ஓட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். படித்த பிள்ளை என்று நம்பிக் கொடுத்ததையும், பால்காய்ப்புக்கு ஊர் கூட வரப்போவதையும், பொறுப்பு என்பது புத்தகத்தில் இருந்தால் போதாது என்பதையும் வரிசையாகச் சொன்னார். குரல் ஏறிக்கொண்டே போனது. உண்மையைச் சொல்வது என்றால் அத்தையைச் சொல்ல வேண்டும்.

"அந்தப் பிள்ளையை ஏசாதிய. நான்தான் அழிச்சேன்."

அத்தை அதை அடுப்பிடம் சொல்லவில்லை. மச்சில் அடுப்பு இல்லை.

முதலாளி பழக்கத்தின்படி என் பக்கம் திரும்பினார். "எதுக்கு அழிச்சான்னு கேளு" என்றார். நான் கேட்கவில்லை. கார்த்திகையிலிருந்து தொடர்ந்து வந்த அந்த அஞ்சல் சேவையை அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று, என் குணத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு துணிச்சலோடு, பென்சில் ஒன்றைக் கையிலெடுத்துச் சீவத் தொடங்கினேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் உத்தரத்தைப் பார்த்தாள். தூண் கீழே கூடத்தில் இருந்தது.

"எதுக்குட்டி அழிச்சே?" என்றார்.

"என் காது. நான் அழிப்பேன்."

"அது நான் செஞ்சு போட்டதுல்லா? ஊரே பாத்துச்சுல்லா?"

"ஊரு பாத்துச்சு. நான் சொமந்தேன். அது கெடக்கட்டும், சொமந்தாச்சு. வாசல்ல வந்து நின்னவளை ஒரு வார்த்தை சொன்னியளே, அதை எங்கன கொண்டுபோய் எறக்கி வைக்கச் சொல்லுதிய?"

முதலாளி ஓட்டையைக் குனிந்து பார்த்தார். இப்போதுதான் அதை உள்ளபடி பார்த்திருக்க வேண்டும்: காதறுந்த நிலையில், புதுவீட்டின் ஹாலில், விளக்கேற்றும் நாளில் தொங்கப்போகும் தம் மனைவியின் படம். அவர் முகம் மாறியது. அந்தச் சொல் அவர் வாய்வரை வந்து, அங்கேயே நின்று, விழுங்கப்பட்டதை நான் பார்த்தேன்.

"எம்மா, இந்தக் காதை எப்படியாவது ஒட்ட முடியுமா?" என்று என்னிடம் கேட்டார். இரக்கமாகவே கேட்டார்.

"ஒட்டலாம் மாமா. ஒட்டு தெரியாது."

"ஒட்டுன காது ஆகாதுன்ன ஆளுல்லா நீங்க" என்றாள் அத்தை.

மகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

தாளைக் கவிழ்த்துப் போட்டு, ஓட்டையின் விளிம்பைப் பிளேடால் மெல்லச் சுரண்டி மெலிதாக்கி, அதே தாளில் ஒரு துண்டை அதே மாதிரி விளிம்பு மெலித்து, மைதாப் பசையில் ஒட்டினேன். மேலே பலகை வைத்து, பலகையின்மேல் அம்மிக்குழவியை வைத்தேன். அது காயும்வரை யாரும் கீழே போகவில்லை. சட்டம் போடுகிறவனை மச்சிலிருந்தே குரல் கொடுத்து நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காய்ந்ததும் படத்தை நிமிர்த்தினேன். யாரும் சொல்லாமலே அத்தை நாற்காலியில் வந்து உட்கார்ந்து தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் மடலின் வளைவைத் தொடங்கினேன்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் என் தாளைப் பார்த்தார். பிறகு ஒத்துப்பார்க்கிறவரைப்போல அத்தையின் காதருகே குனிந்தார். கார்த்திகையிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் காதை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்பது அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. காயில் புள்ளி தேடுவதுபோல மடலின் அடியில் தேடினார்.

"தழும்பே தெரியலையே" என்றார்.

"பாத்தால்லா தெரியும்."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"வலிச்சுதா?"

"மரத்துப்போக ஊசி போட்டாக. பெறவு வலிச்சுது. ரொம்ப நாளைக்கு ஒருச்சாய்ச்சுப் படுக்க முடியல."

"சொல்லியிருக்கலாம்லா."

"யாருகிட்ட? தூணுகிட்டயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடிய வேண்டிய நேரத்துக்கு மேலும் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து, ஒரு தொழில் விஷயம் கேட்பதுபோலக் கேட்டார்: ஒட்டுப்போட்ட தாள் பாம்படத்தைத் தாங்குமா?

இதற்குத் துல்லியமான விடை எனக்குத் தெரியும். பென்சில் கோட்டுக்குக் கனம் இல்லை. ஒட்டுப்போட்ட இடம் மற்ற இடத்தைவிடத் தடிமனாகவே இருந்தது. அதில் பாம்படம் என்ன, பாம்படம் செய்த ஆசாரியையும் சேர்த்தே தொங்கவிடலாம். எலுமிச்சை மூட்டையைக் கையால் ஒருமுறை தூக்கியே எடை சொல்லும் அவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

"தாங்காது மாமா" என்றேன்.

"அப்பம் சரி" என்றார் உடனே. "ஒத்தக் காதுல பாம்படமும் ஒத்தக் காதுல தோடும் இருந்தா கோட்டிக்காரியாட்டம்லா இருக்கும். அந்தப் பக்கத்தையும் எறக்கிரு."

வலது காதை நான் சிவப்புப் பக்கத்தால் அழித்தேன். அத்தை தலையை மறுபுறம் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பது தெரிந்தது. கல்தோடு ஆடாது என்பதால் எனக்கு அதனால் தொல்லை ஏதும் இல்லை.

பால்காய்ப்பன்று படம் ஹாலில் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதன் முன்தான் நின்றார்கள். முதலாளி பக்கத்திலேயே நின்று, யாரும் கேட்கும் முன்பே, "தாளு பாம்படத்தைத் தாங்காதுன்னுட்டா, பிள்ளை. காலேஜ்ல படிக்குத பிள்ளை, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். பலரும் தலையை ஆட்டினார்கள். நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டேன்.

சிவகிரியில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை வந்தாள். அவள் காதில் பாம்படம், அண்ணன் வீட்டுப் பாம்படத்துக்குச் சளைக்காத பாம்படம், நடைக்கு நடை ஆடியது. படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன அண்ணே, மதினி காது இப்படி இருக்கு? தாளு தாங்கலைன்னா, ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அத்தை பால்சொம்போடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன வா" என்று அத்தையைக் கூப்பிட்டார்.

அத்தை வந்தாள். படத்துக்குக் கீழே நிற்கச் சொன்னார், நின்றாள். சன்னல் பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பினாள். தாமே உட்கார்ந்து தைத்தவரைப்போல, "பக்கத்துல வந்து பாரு. தழும்பு தெரியுதா? தெரிஞ்சா சொல்லு" என்று தங்கையிடம் சொன்னார். தங்கை பக்கத்தில் வந்தாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். அத்தை அவர்கள் நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், முதலில் ஒரு காதையும் பிறகு மற்றக் காதையும் காட்டினாள்.

தங்கை தன் பாம்படம் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, "மதினி, எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

அத்தை வாயைத் திறக்கும் முன்னே முதலாளி சொல்லத் தொடங்கினார். எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்த வளைவில் இறங்க வேண்டும், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று, கண்ணாரக் கண்டவரைப்போலச் சொல்லிக்கொண்டே போனார்.

"நீங்க எப்ப வந்திய? அந்தப் பக்கம் பஸ்ஸே போகாது" என்றாள் அத்தை, அவரை நேராகப் பார்த்து.